அடியில் என்ன கல்?

(மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் அதில் சுற்றுலாக் கட்டுரை ஒன்று இருந்தே தீரும். ஊட்டி, கொடைக்கானல், ஒகேனக்கல் என்று போய் வந்தவர்கள் எழுதுவார்கள். நானோ போகாத ஊரைப் பற்றி எழுதப் போகிறேன். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. ரயிலில் போன தூரமே சேலத்திலிருந்து சென்னை வரைதான். "போகாத ஊருக்கு வழி சொல்றான் பாரு" என்று ஹாஸ்டல் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். படித்து முடித்ததும் என்னைப் போலவே ஒருமுறையாவது அங்கே போக வேண்டும் என்று நீங்களும் நினைப்பீர்கள்.

சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் அஸ்திவாரம் நடத்தும்போது எங்கள் சார் போகிற போக்கில் 'மல்பாசே' என்று ஓர் அணையின் பெயரைச் சொன்னார். பரீட்சைக்கு வராத பெயர். ஆனாலும் மனதில் ஒட்டிக்கொண்டது. நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேப்பிலும் தேடிப் படித்தேன். அணையைத் தேடப் போனவன் கண்ணில், அதைச் சுற்றியுள்ள நாடே விரிந்தது. அதுதான் பிரான்சின் தென்கிழக்கு மூலை. மத்தியதரைக் கடலோரம் இருக்கும் அந்தப் பகுதிக்குப் புரோவான்ஸ் என்று பெயர்.

வெயிலும் காற்றும்

நம் ஊரில் வெயிலும் மழையும் கலந்து வரும். அங்கே கோடை முழுக்க வறட்சி. மழையெல்லாம் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான். ஆகையால் ஆலிவ், பைன், லாவெண்டர் என்று தண்ணீர் குறைவாகக் குடிக்கிற செடி கொடிகள்தான் அங்கே பிழைக்கும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வாலான்சோல் என்ற மேட்டு நிலத்தில் கண்ணுக்கு எட்டிய வரை ஊதா நிற லாவெண்டர் வயல்!

வடக்கிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக 'மிஸ்ட்ரால்' என்ற குளிர்காற்று வீசும். சில நாளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். அதனால் பழைய பண்ணை வீடுகளுக்கு வடக்குப் பக்கம் ஜன்னல் வைக்கமாட்டார்கள், வைத்தாலும் சின்னதாக ஒன்று. வயலோரம் சைப்ரஸ் மரங்களை வரிசையாக நட்டுக் காற்றைத் தடுப்பார்கள். பில்டிங் டிராயிங்கில் காற்றுத் திசை குறிக்கச் சொல்லி ஏன் உயிரை எடுக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மலையைப் பிளந்த பச்சை ஆறு

ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கி வரும் வெர்தோன் ஆறு, சுண்ணாம்புப் பாறையை அறுத்து அறுத்து ஒரு பெரும் பள்ளத்தை உண்டாக்கியிருக்கிறது. நீளம் சுமார் 25 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 700 மீட்டர். தண்ணீரின் நிறம் மரகதப் பச்சை!

1905-ஆம் ஆண்டு வரை இந்தப் பள்ளத்தை முழுதாகக் கடந்தவர்கள் என்று பதிவில் யாரும் இல்லை. அந்த ஆண்டு மார்டெல் என்ற குகை ஆராய்ச்சியாளர் சிறு குழுவோடு படகில் இறங்கினார். குழுவில் இசிதோர் பிளான் என்பவரும் இருந்தார். அவர் பக்கத்துக் கிராமத்தின் பள்ளிக்கூட வாத்தியார். இன்று அங்குள்ள புகழ்பெற்ற நடைபாதை இந்த இருவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. ஒரு கிராமத்து வாத்தியாரின் பெயர் மலையில் நிலைத்துவிட்டது, பார்த்தீர்களா?

அந்தப் பாதையில் போகிறவர்கள் டார்ச் லைட் எடுத்துப் போக வேண்டும். வழியில் இருட்டுச் சுரங்கங்கள் உண்டு. மின்சாரத் திட்டம் ஒன்றுக்காகத் தோண்டிப் பாதியில் கைவிட்ட சுரங்கங்கள் அவை. முடியாமல் போன ஒரு சிவில் வேலைக்குள் புகுந்துதான் இயற்கை அழகைப் பார்க்க முடிகிறது. அண்ணாந்து பார்த்தால் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். அந்தப் பக்கத்தில் அற்றுப்போயிருந்த இனத்தை 1999 முதல் மறுபடி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

பள்ளம் முடியும் இடத்தில் 'செந்த் குருவா' என்ற ஏரி. சுமார் 22 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீலமாக விரிந்து கிடக்கும். படகு விடுவதும் நீந்துவதுமாகக் கோடையில் திருவிழாக் கூட்டம். ஆனால் இந்த ஏரியை இயற்கை படைக்கவில்லை. 1970-களில் அணை கட்டித் தேக்கிய தண்ணீர் இது. லே சால் என்ற ஊர் அதற்குள் முழுகிப் போனது. அதே பெயரில் மேட்டில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தின் பெரிய ஊற்று ஒன்றும் ஏரிக்கு அடியில் போய்விட்டது. அழகான படத்துக்குப் பின்னால் ஓர் ஊர் இடம்பெயர்ந்த கதை இருக்கலாம் என்பதை அங்கே கற்றேன்.

கடல் புகுந்த பள்ளத்தாக்கு

மார்சேய் நகரத்துக்கும் காஸ்ஸி என்ற ஊருக்கும் நடுவே கடற்கரை நெடுக வெள்ளைப் பாறைச் சுவர்கள். அவற்றுக்கு நடுவே கடல் விரல் விட்டது போல் நுழைந்திருக்கும். இவற்றைக் 'கலாங்க்' என்கிறார்கள். ஒரு காலத்தில் இவை வறண்ட பள்ளத்தாக்குகள். பனி யுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.

இதற்குச் சாட்சி அங்கேயே இருக்கிறது. ஹென்ரி கொஸ்கேர் என்ற முக்குளிப்பவர் கண்டுபிடித்து, 1991-இல் உலகுக்குத் தெரிய வந்த குகை ஒன்று உண்டு. வாசல் கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில்! உள்ளே மேல்நோக்கிப் போகும் நீண்ட சுரங்கவழி. அது முடியும் இடத்தில், குகைச் சுவரில், குதிரைகளும் மனிதக் கைத்தடங்களும். சில சுமார் 27 ஆயிரம் ஆண்டுப் பழமையானவை. கால்நடையாக உள்ளே போய் வரைந்தவனுக்கு, வாசலைக் கடல் மூடும் என்று தெரிந்திருக்குமா? இப்போதும் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. படங்கள் அழியும் ஆபத்து. அதனால் மார்சேயில் 2022-இல் அச்சு அசலாக மாதிரிக் குகை ஒன்றைத் திறந்திருக்கிறார்கள்.

2012 முதல் இந்தக் கடற்கரை தேசியப் பூங்கா. 'சுஜித்தோன்' என்ற ஒரு சின்னக் கலாங்குக்குக் கோடை நாளில் 2,500 பேர் வரை போய், மண் சரிந்து மரவேர் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. 2022 முதல் கோடையில் முன்பதிவு செய்த 400 பேருக்குத்தான் ஒரு நாளில் அனுமதி என்று கொண்டுவந்தார்கள். காட்டுத் தீ பயம் உள்ள நாளில் பாதைகளையே மூடிவிடுவார்கள். போகிறவர்கள் மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் போவது உத்தமம்.

இன்னும் பட்டியல் நீளும். 1,909 மீட்டர் உயர வாந்தூ மலையின் மொட்டை உச்சி, தூரத்திலிருந்து பார்த்தால் பனி போலத் தெரியும். கிட்டே போனால் வெறும் சுண்ணாம்புக் கல். அந்தப் பக்கத்து மழையெல்லாம் கல்லுக்குள் இறங்கி வோக்லூஸ் ஊற்றாகக் கிளம்புகிறது. 1985-இல் ஒரு இயந்திரத்தை உள்ளே இறக்கிப் பார்த்ததில் ஆழம் 300 மீட்டருக்கும் மேல்! ரோன் ஆறு கடலில் கலக்கும் காமார்க்கில் பூநாரைக் கூட்டமும் வெள்ளைக் குதிரைகளும். நம்மைப் போல நெல்லும் அங்கே விளைகிறது. ரூஸியோனில் காவி மண் வெட்டி எடுத்த குன்றுகள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கின்றன. கூலிக்காரர்கள் வெட்டிய வெட்டுதான் இன்றைக்குச் சுற்றுலாக் காட்சி!

மல்பாசே

இனி, நான் தேடிப் போன இடத்துக்கு வருகிறேன்.

ஃப்ரேஜுஸ் என்ற கடலோர ஊருக்கு மேலே ரெய்ரான் என்று ஒரு சின்ன ஆறு. அதன் குறுக்கே 1952 முதல் 1954 வரை வில் வடிவ அணை ஒன்றைக் கட்டினார்கள். உயரம் 60 மீட்டருக்கு மேல். உச்சியில் கனம் ஒன்றரை மீட்டர்தான். வடிவமைத்த ஆந்த்ரே கோய்ன், உலகமே மதித்த எஞ்சினியர்.

1959 டிசம்பர் 2. பல நாள் பெருமழையில் அணை முதன்முறையாக நிரம்பியது. அன்றிரவு 9 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அணை ஒரேயடியாக உடைந்தது. வெள்ளம் இருட்டில் பாய்ந்து ஃப்ரேஜுஸுக்குள் புகுந்தது. இறந்தவர்கள் 423 பேர்.

விசாரித்தார்கள். கான்கிரீட்டில் குறை இல்லை. குறை அணைக்கு அடியில் இருந்தது. இடது கரைப் பாறை 'நைஸ்' வகை. ஏடு ஏடாகப் படிந்த கல். அந்த ஏடுகள் அணை தள்ளும் திசையிலேயே ஓடியதால், பாரம் ஏற ஏற அவை இறுகித் தண்ணீர் வெளியேற வழியை அடைத்துவிட்டன. உள்ளே அழுத்தம் கூடியது. கொஞ்சம் தள்ளி அடியில் ஒரு பிளவு வேறு. பாறைத் துண்டே நகர்ந்துவிட, அதன்மேல் நின்ற அணையும் போயிற்று. இதன் பிறகுதான் அணைக்கு அடியில் உள்ள பாறையின் நீர் அழுத்தத்தை உலகம் முழுக்கக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இன்றும் அந்த உடைந்த அணை அப்படியே நிற்கிறது. ஆற்றில் வீடு அளவு கான்கிரீட் துண்டுகள் கிடக்கின்றன. சுற்றிலும் பைன் மரமும் பறவைச் சத்தமும். நடந்து போய்ப் பார்க்கலாம்.

அப்பா கேட்ட கேள்வி

என் அப்பா கிணறு வெட்டும் கூலி. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். படிப்பு விஷயம் எதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. என்ன பேச என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தீபாவளி லீவில் ஒரு ராத்திரி இந்த அணைக் கதையை மட்டும் சொன்னேன். யார் கட்டினார்கள், எவ்வளவு செலவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"அடியில என்ன கல்லு சாமி?" என்றார்.

"நைஸ்னு சொல்றாங்கப்பா. நம்ம பக்கத்துலயும் இருக்குதுங்களாம்."

"ஏடு ஏடா உரியுமே, அந்தக் கல்லா? ஏடு எந்தப் பக்கமாச் சாஞ்சிருந்துச்சு?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது நண்பர்களே! பெரிய விசாரணையில் வந்து நின்ற கேள்வி அதுதானே!

"கல்லுல கோடு ஓடுச்சுன்னா அங்கதான் ஊத்துக் கண்ணு இருக்கும். கெணத்துக்காரனுக்கு அது சந்தோசம். ஆனா உள்ள நிக்கிறவன் அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டேதான் இருக்கணும். சரிஞ்சா அங்கதான் சரியும்" என்றார். கூட வேலை செய்த ஒருவர், நான் பெரியப்பா என்று கூப்பிட்டவர், அப்படித்தான் சரிவில் போய்ச் சேர்ந்தார் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார். சம்மட்டியால் தட்டிப் பார்த்தால் நல்ல கல் கணீரென்று பேசுமாம், பிளந்த கல் பொத்தென்று பேசுமாம். என் ஜியாலஜி நோட்டில் அன்று ராத்திரியே எழுதி வைத்துக்கொண்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னதையா எழுதற?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நமக்கு இதில் என்ன?

"நமக்கெதுக்குடா பிரான்சு? டிப்ளமோ முடிச்சா சைட் சூப்பர்வைசர் வேலை. அதைப் பாப்போம்" என்றான் ரூம் நண்பன். அவன் சொல்வது நியாயம்தான். அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதினேன்.

சைட்டில் முதலில் நிற்பவன் டிப்ளமோக்காரன். வரைபடம் வரைந்தவர் ஆபீசில் இருப்பார். குழி வெட்டும்போது என்ன மண், என்ன கல் வந்தது என்று கண்ணால் பார்ப்பவர்கள் இரண்டே பேர்: வெட்டுகிற கூலியாளும், பக்கத்தில் நோட்டோடு நிற்கும் நாமும். கூலியாள் சொல்வது காகிதத்தில் ஏறுமா ஏறாதா என்பது நம் கையில் இருக்கிறது. "சார், இங்க கல்லு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று ஒருவர் சொல்லும்போது, "வேலையப் பாருய்யா" என்று நாம் சொல்லிவிட்டால், அந்த அறிவு அந்தக் குழியிலேயே புதைந்து போகும். மேலே எழும்பும் கட்டடத்தில் குடியிருக்கப் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

புரோவான்ஸ் எனக்குச் சொன்னதும் இதைத்தான். பச்சை ஆறு, வெள்ளைப் பாறை, நீல ஏரி, காவிக் குன்று எல்லாவற்றின் அழகும் அடியில் உள்ள கல்லின் குணம்தான். 423 பேரைக் கொண்டுபோனதும் கல்லின் குணம் தெரியாமல் போனதுதான்.

ஆகையால் நண்பர்களே, சம்பாதித்துக் காசு சேர்த்து ஒருநாள் மார்சேயில் போய் இறங்குங்கள். வெர்தோனைப் பாருங்கள், கலாங்கில் நனையுங்கள். திரும்பும் முன் ஒரு காலைப் பொழுதை மல்பாசேக்கு ஒதுக்கி, அந்த இடது கரையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நான் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். அந்தக் கல்லை அவர் தட்டிப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும்!