எந்த ஊர், எங்கே இறங்கணும்?

தாம்பரத்தில் ரயில் ஏறி, பெட்டிகளை ஸீட்டுக்கு அடியில் தள்ளி முடிப்பதற்குள் எதிர் ஸீட்டு அம்மாள் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"எந்த ஊருக்குப் போறீங்க? எத்தனை நாள் தங்கல்? வீட்டிலே யார் இருக்காங்க?"

என் அத்தை சற்றும் அசரவில்லை. "கும்பகோணத்துக்குத்தான். வீட்டிலே மகன், மருமகள், பேரன் எல்லாரும் இருக்காங்க" என்றாள்.

வாசகர்களே, உண்மை என்ன தெரியுமா? மகன் இருப்பது பெங்களூரில். வீட்டில் இருப்பவை இரண்டு பூட்டுகள்! அத்தைக்கு வயது 68. ரயிலில் பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பாள், முறுக்கும் கொடுப்பாள், விலாசத்தை மட்டும் கொடுக்க மாட்டாள். பெண்பிள்ளையாகத் தனியே ரயிலேறிப் பழகிய அந்தக் காலத்துப் பாடம் அது.

அந்தக் காலத்தில் ரயில்வேக்காரர்களே நம் வயதைப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார்கள், நினைவிருக்கிறதா? பெயர், ஆணா பெண்ணா, வயது, ஸீட் எண் எல்லாம் பிளாட்பாரத்தில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்சி! 2018-ல் பெரிய ஸ்டேஷன்களில் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். பெண்மணிகள் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம். ஆனால், அதற்குள் நம் கையிலேயே ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிட்டதே!

அத்தையின் மகன் தீபாவளிக்குப் புதிய கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்தான். அதில் ரயில் டிக்கெட்டுக்கு ஒரு செயலி, லாட்ஜுக்கு ஒன்று, டாக்ஸிக்கு ஒன்று, வழி பார்க்க ஒன்று. ஒவ்வொன்றும் வந்த அன்றே கேட்டது: "நீங்கள் இருக்கும் இடத்தை நான் அறியலாமா? உங்கள் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்க்கலாமா? படங்களைப் பார்க்கலாமா?" எதிர் ஸீட்டு அம்மாளிடம் பொய் சொன்ன அதே அத்தை, இத்தனைக்கும் "அனுமதி, அனுமதி" என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறாள்.

"ஏன் அத்தை?" என்றேன்.

"சரின்னு அழுத்தினாத்தானே அடுத்த பக்கம் வருது!"

எதிர் ஸீட்டு அம்மாள் மயிலாடுதுறையில் இறங்கிப் போய்விட்டார். செயலிகள் இறங்கவில்லை. எங்களோடு கும்பகோணம் வந்தன.

மறுநாள் காலை தாராசுரம் போனோம். இரண்டாம் இராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. விரல் அளவுச் சிற்பத்தில் கூட நாட்டியக்காரியின் இடுப்பு வளைவு பிசகவில்லை. பலிபீடத்தின் படிகளைத் தட்டினால் ஸ்வரம் எழும் என்பார்கள். நாம் தட்டித் தட்டியே தேய்த்துவிடுவோம் என்று இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலி வழியே நான் ஸ்வரம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் விபரீதம் நடக்கவிருந்தது.

லாட்ஜில் இரண்டு இரவுக்குப் பணம் கட்டியிருந்தோம். சுவாமிமலை உறவினர் ஒருவர் இரண்டாம் இரவு தம் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1,850 ரூபாயைத் திரும்ப வாங்க வேண்டும். அத்தை மண்டபத்து நிழலில் உட்கார்ந்து, லாட்ஜின் பெயரைப் போட்டு இணையத்தில் தொலைபேசி எண் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்துவிட்டாள்.

எடுத்தவன் மிகவும் மரியாதைக்காரன். "லாட்ஜிலிருந்துதான் பேசறேன் மேடம். பணம் இப்பவே வந்துடும். ஒரு ஆப் அனுப்பறேன், அதைப் போட்டுக்குங்க. அதுல ஒன்பது நம்பர் தெரியும், சொல்லுங்க."

நான் வந்தபோது செயலி கைப்பேசியில் இறங்கியாகிவிட்டது. ஒன்பது எண்களும் திரையில் மின்னிக்கொண்டிருந்தன. அந்த எண்களைச் சொல்லி, அடுத்துக் கேட்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், அத்தையின் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. உட்பட! அத்தையின் பென்ஷன் பணமும் மாமா விட்டுச்சென்ற சேமிப்பும் அதே கைப்பேசியில் இருக்கும் வங்கிக் கணக்கில்தான் கிடக்கின்றன. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

ஆனால் அத்தை எண்ணைச் சொல்லவில்லை. அவளுடைய ரயில் புத்தி விழித்துக்கொண்டது.

"தம்பி, உங்க லாட்ஜ் மகாமகக் குளத்துக்கு எந்தப் பக்கம்?"

"மெயின் ரோட்லதான் மேடம்."

"குளத்தைச் சுத்தி நாலு பக்கமும் ரோடுதான்ப்பா. எந்தக் கரை?"

அந்தப் பக்கம் தொடர்பு அறுந்தது.

"ஊரே தெரியாதவன் பணத்தைத் திருப்பித் தரானாம்!" என்றாள் அத்தை. சொன்னாளே தவிர, கை நடுங்கிக்கொண்டிருந்தது. உடனே இணையத் தொடர்பைத் துண்டித்தோம். அந்தச் செயலியை நீக்கினோம். என் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து விஷயத்தைச் சொல்லி, கடவுச்சொல்லை மாற்றினோம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்திருப்போம். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. லாட்ஜின் உண்மையான எண் எங்கே இருந்தது என்கிறீர்களா? பதிவு செய்த செயலிக்குள்ளேயே, ரசீதின் அடியில்!

அன்று மாலை லாட்ஜ் தாழ்வாரத்தில், பித்தளை டபராவில் டிகிரி காப்பியுடன், கைப்பேசியைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தோம். அமைப்புகளில் "அனுமதிகள்" என்று ஓர் இடம் இருக்கிறது. எந்தச் செயலி எதைப் பார்க்கிறது என்று அங்கே தெரியும். டாக்ஸிக்காரருக்கு நாம் நிற்கும் இடம் தெரியத்தான் வேண்டும், ஆனால் செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் தெரிந்தால் போதும். லாட்ஜ் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும், வாசற்படி வேண்டாம். "துல்லியமான இடம்" என்பதை அணைத்தோம். தொலைபேசிப் புத்தகம் ஒருவருக்கும் கிடையாது. டாக்ஸிச் செயலியில் "வீடு" என்று பதிந்திருந்த விலாசத்தைத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலாக மாற்றினோம்.

அத்தைக்குப் பாடம் நடத்திய பெருமையில் என் கைப்பேசியையும் திறந்தேன். எப்போதோ பஸ் நேரம் பார்க்கப் போட்ட செயலி ஒன்று, நான் தூங்கும்போதுகூட இருக்கும் இடத்தை அறிய அனுமதி பெற்றிருந்தது! அத்தை ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை ஆற்றினாள்.

எதையும் யாரிடமும் சொல்லாதே என்பதல்ல விஷயம். இரவில் தனியே டாக்ஸியில் வரும் பெண், "பயணத்தைப் பகிர்" என்பதை அழுத்தி வீட்டாருக்கு அனுப்புவது மிக நல்லது. வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுவதும் அப்படித்தான். அம்மாவுக்குத் தெரியலாம், ஊருக்குத் தெரிய வேண்டாம்.

லாட்ஜ் குமாஸ்தா ஆதாரைத் தம் சொந்தக் கைப்பேசியில் படம் எடுக்க வந்தபோதும் இதே யோசனைதான். தங்குபவரின் அடையாளத்தைப் பதிய வேண்டியது அவர் கடமை. ஆனால் அவருடைய படத் தொகுப்பில் நம் ஆதார் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் பிரதி கிடைக்கிறது. அதை அச்சிட்டு வைத்திருந்தேன். அவர் முகம் சுளித்தாலும் வாங்கிக்கொண்டார்.

பெரிய கம்பெனியாயிற்றே, பத்திரமாக வைத்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். 2021-ல் ஏர் இந்தியாவின் பயணிகள் விவரங்களை வைத்திருந்த வேறொரு நிறுவனத்தின் கணினிகளிலிருந்து, உலகெங்கும் சுமார் 45 லட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. நம்மிடமிருந்தே போகாத விவரம் அங்கிருந்தும் போகாது.

சில சமயம் கள்ளனே தேவையில்லை, நாமே போதும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-ல் தம் விமானப் பயணச் சீட்டைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த பதிவு எண்ணை வைத்து ஓர் இளைஞர் விமானக் கம்பெனியின் இணையதளத்துக்குள் நுழைந்தார். அங்கே பாஸ்போர்ட் எண்ணும் தொலைபேசி எண்ணும் கிடைத்துவிட்டன! நல்லவேளையாக அவர் நல்ல பிள்ளை. உரியவர்களிடம் சொல்லி எச்சரித்தார். நம் ரயில் டிக்கெட்டின் பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணும் படம் பிடித்துக் காட்டுவதற்கு உரியதல்ல.

இந்தக் கதையைக் கேட்ட அத்தை, தாராசுரத்துப் படிகளின் முன் எடுத்த படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பப் போனவள், சட்டென்று விரலை எடுத்தாள். குழுவில் மொத்தம் 83 பேர். அதில் பாதிப் பேரை அவளுக்கே அடையாளம் தெரியாது.

சென்னை திரும்பி, இரண்டு பூட்டுகளையும் திறந்து, "நாளையிலிருந்து பால் போடப்பா" என்று பால்காரரிடம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் படம் போயிற்று. "இன்று காலை தரிசனம்" என்று எழுதியிருந்ததை அழித்து, "போன வாரம்" என்று திருத்தியிருந்தாள்.