பாயிலரும் பீடமும்

முன்வாசல் கதவு நல்ல சிவப்பு. அமெரிக்காவில் எபிஸ்கோபல் ஆலயங்கள் பலவற்றுக்கும் அப்படித்தான். ஆனால் அது கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் ஞாயிறு காலைக்கும்தான் திறக்கும் என்பது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை அதன் முன்னால் போய் நின்றபோது, "அங்கே இல்லை, இந்தப் பக்கம் வாங்க" என்று கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மற்ற நாள்களில் எல்லாருக்கும் பக்கவாசல்தான். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ஒரு காலத்தில் ஆலைகள் ஓடிய சிற்றூர் அது. ஆலைகள் மூடி வெகுகாலம் ஆகிறது. ஆலை முதலாளிகள் வாங்கிக் கொடுத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களோடு கல்லால் கட்டிய ஆலயம் மட்டும் நிற்கிறது.

எபிஸ்கோபல் சபை நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தமல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் அமெரிக்கக் கிளையாக இருந்தது. சுதந்திரப் போருக்குப் பிறகு, இங்கிலாந்து அரசருக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுக்க முடியாத சாமுவேல் சீபரி, 1784இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பேராயராக அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். 1789இல் அமைப்பு விதிகளும் சொந்த ஜெபப் புத்தகமும் வந்தன. தென்னிந்தியத் திருச்சபையோடு அதற்கு முழு ஐக்கியம் உண்டு. சி.எஸ்.ஐ. ஆராதனையில் வளர்ந்தவர்கள் இங்கே எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று தடுமாற மாட்டார்கள். நான் பார்க்கப் போனது ஆராதனைக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலைகளை.

பீடத்தை ஒட்டிய சிறு அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பீடத்தைத் தயார் செய்கிற ஆல்டர் கில்டு என்ற குழுவில் மிச்சம் இருப்பவர்கள் இவர்களும் இன்னும் இருவரும்தான். மூத்தவருக்கு எண்பது தாண்டியிருக்கும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு, திருவிருந்துக் கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கிற சின்ன லினன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஈரம் காயும் முன்பே தேய்க்க வேண்டுமாம். நடுவில் தைத்த சிலுவை மேலே தெரியும்படி நீளவாக்கில் மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடிக்கிறார். ஒரு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "லிப்ஸ்டிக். யாருடையது என்றுகூட நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். சொல்ல மாட்டேன்."

அந்த அறையில் இரண்டு தொட்டிகள். ஒன்று வழக்கமானது. இன்னொன்றுக்கு மூடியும் பூட்டும் உண்டு. அதன் குழாய் சாக்கடைக்குப் போகாமல் கட்டடத்துக்கு அடியில் மண்ணுக்குள் நேராக இறங்குகிறது. கிண்ணத்தையும் துணியையும் முதலில் அலசிய தண்ணீர் அதில்தான் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் சோப்பு. இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டேன். "எனக்கு முன்னால் இருந்தவர்" என்றார். இனிமேல் யாருக்குக் கற்றுக்கொடுப்பார் என்பதை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: இளையவருக்கு வயது அறுபத்தெட்டு.

கீழே பாயிலர் அறையில் ஜூனியர் வார்டன். எபிஸ்கோபல் சபையில் இரண்டு வார்டன்கள் உண்டு. சீனியர் வார்டன் ஆயருக்கு வலக்கை. கட்டடம், கூரை, புல்வெளி, பனி அள்ளுவது எல்லாம் பெரும்பாலும் ஜூனியர் தலையில். இவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எண்ணெயில் ஓடும் பழைய பாயிலரின் மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்தத் தேதியில் போட்டது, எவ்வளவு எண்ணெய் ஊற்றியது, எந்தச் சத்தம் எப்போது கேட்டது எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறது. அக்டோபர் கடைசியில் குளிர் தொடங்கிவிட்டது. வாரநாள்களில் தண்ணீர்க் குழாய் உறையாத அளவுக்கு மட்டும் சூடு. சனி இரவு பத்து மணிக்குத்தான் கூட்டுவார். கல் கட்டடம் சூடேற ஓர் இரவு முழுக்க வேண்டும்.

அலுவலகத்தைச் சீக்கிரம் பார்த்துவிட்டேன். ஒரு செயலாளர், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஞாயிறு ஆராதனைத் தாளை அச்சிடுவது, ஆர்கன் வாசிப்பவர் கொடுக்கிற பாட்டு எண்களைச் சேர்ப்பது, நோயாளிகளின் பெயர்களைப் புதுப்பிப்பது, யாருடைய சாவி யாரிடம் என்று நினைவில் வைத்திருப்பது இவர் வேலை.

ஞாயிறு எட்டு மணிக்கு ஏழு பேர். பாட்டு கிடையாது, ஜெபப் புத்தகத்தில் பழைய ஆங்கிலத்தில் இருக்கிற முதல் ஆராதனை ஒழுங்கு. பத்து மணிக்கு முப்பத்து நான்கு பேர், அதில் குழந்தைகள் மூன்று. பின்வரிசையில் நின்ற உஷர் உதடு அசைய எண்ணி, ஆராதனைப் பதிவேட்டில் எழுதினார். நடக்கிற ஒவ்வோர் ஆராதனையையும் பதிந்து வைப்பது சபைச் சட்டம். இந்த எண்களெல்லாம் சேர்ந்து ஆண்டறிக்கையாக மார்ச் 1க்குள் பேராயருக்குப் போக வேண்டும். ஞாயிறு சராசரி ஐம்பதுக்கும் கீழே இருப்பது இப்போது எபிஸ்கோபல் சபைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் நிலை. ஆகவே முப்பத்து நான்கு என்பது இங்கே விசித்திரமில்லை.

ஆயர் ஒரு பெண். 1976இல் பொதுப் பேரவை அனுமதித்த பிறகு எபிஸ்கோபல் சபையில் பெண் ஆயர்கள் சாதாரணம். இவர் அரைநேர ஆயர். இருபத்தைந்து மைல் தள்ளி இன்னொரு சபையும் இவர் பொறுப்பில் இருக்கிறது. மாதத்தின் ஒரு ஞாயிறு இங்கே வர முடியாது. அன்று உரிமம் பெற்ற சபையார் ஒருவர் காலை ஜெபத்தை நடத்துவார், 1979 ஜெபப் புத்தகம் அதற்கு இடம் தருகிறது. பத்து மணி ஆராதனை முடிந்ததும் ஆயர் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, காப்பி எடுக்கப் போகாமல் நேராக ஒரு கிழவரிடம் போய் மருத்துவமனைத் தேதி என்ன என்று கேட்டார்.

காணிக்கை எண்ணுவதைப் பார்க்க அனுமதித்தார்கள். எப்போதும் இரண்டு பேர், அவர்கள் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. ரொக்கம் தனி, காசோலை தனி, உறையில் உள்ள எண் தனி. இருவரும் கையெழுத்திட்டு, பையைப் பூட்டி, வங்கிக்கு. கருவூலர் இந்தப் பணத்தைத் தொடுவதே இல்லை, தாளை மட்டும் பார்க்கிறார். இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று தோன்றும். சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதாலேயே கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது.

காப்பி நேரம் முடிந்து வெஸ்ட்ரி கூட்டம். வெஸ்ட்ரி என்றால் சபையார் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற குழு, நம் சேகரக் கமிட்டி மாதிரி. ஏழு பேர், ஆயர் தலைமை. இங்கேதான் சபையின் உண்மையான நிலவரம் தெரிந்தது. வருமானத்தில் பெரும்பகுதி உறுதிக் காணிக்கை. அடுத்த ஆண்டு இவ்வளவு தருவேன் என்று ஒவ்வொரு குடும்பமும் இலையுதிர் காலத்தில் அட்டையில் எழுதிக் கொடுக்கிறது. அந்த அட்டைகளை நம்பித்தான் பட்ஜெட். மீதிக்குப் பழைய உயிலில் வந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் எடுக்கிறார்கள்.

செலவுப் பக்கம் ஆயர் சம்பளம், அதற்கு மேல் 18 சதவீதம் ஓய்வூதிய நிதிக்கு. அது 1917 முதல் இயங்குகிற நிதி, சபைதான் கட்ட வேண்டும், ஆயரிடம் பிடிக்க முடியாது. பிறகு பேராயத்துக்குப் பங்கு. பேராயமும் தன் வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்து மீதியில் 15 சதவீதத்தைத் தலைமைக்கு அனுப்புகிறது. பிறகு காப்பீடு, எண்ணெய், பனி அள்ளும் வண்டி.

பாயிலரை மாற்ற முப்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று ஜூனியர் வார்டன் ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர், பழைய ஆயர் வீட்டை விற்றுவிடலாமே என்றார். சொத்து நம் பெயரில் இருந்தாலும் 1979 முதல் சபைச் சட்டப்படி அது பேராயத்துக்கும் முழுச் சபைக்கும் உரிய அறக்கட்டளைச் சொத்து, பேராயரும் நிலைக்குழுவும் சம்மதிக்காமல் விற்க முடியாது என்று சீனியர் வார்டன் நினைவூட்டினார். கேட்டுப் பார்க்கலாம் என்றது கூட்டம். அதுவரை பாயிலரைப் பழுது பார்ப்பது, செயலாளரின் நேரத்தைப் பன்னிரண்டிலிருந்து ஒன்பதாகக் குறைப்பது என்று முடிவாயிற்று. இரண்டாவது முடிவு தவறு என்பது என் எண்ணம். முப்பத்து நான்கு பேரின் முகவரியும் நோயும் தெரிந்த ஒரே ஆளின் நேரத்தை வெட்டி மிச்சம் பிடிக்கிற பணம் எண்ணெய்க்கு ஒரு மாதம் காணாது.

வருமானத்தில் ஒரு வரி என்னைக் கவர்ந்தது: "ஏ.ஏ. வாடகை." அடித்தள ஹாலில் வாரம் நான்கு மாலை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். இலவசமாகவே தருகிறோம் என்று சபை சொல்லியும் அவர்கள் கேட்பதில்லை, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவர்கள் மரபு. நியூயார்க் நகரின் கால்வரி எபிஸ்கோபல் ஆலயத்தில் இருந்த சாமுவேல் ஷூமேக்கரிடம் நிறையக் கற்றதாக அந்த இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன் சொல்லியிருக்கிறார். ஆகவே இது பழைய உறவு. வியாழக்கிழமைகளில் அதே ஹாலில் உணவுப் பொருள் விநியோகம். வாரம் முழுக்க மாடியில் ஜெபிக்க வருபவர்களைவிடக் கீழே வருகிறவர்கள் அதிகம். ஆனால் ஆண்டறிக்கையின் ஞாயிறு சராசரியில் இவர்கள் யாரும் சேர மாட்டார்கள்.

கிளம்பும்போது காப்பிப் பாத்திரத்துக்கு மேலே அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். செப்டம்பர் மாதக் கணக்கு. ஆயர் சம்பளம் உட்பட ஒவ்வொரு வரியும், பட்ஜெட்டில் போட்டது ஒரு பக்கம், செலவானது மறுபக்கம். பக்கத்தில் போன வெஸ்ட்ரி கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம், நானே படித்தேன். தேர்தலுக்கும் சொத்துக்கும் நீதிமன்றப் படியேறிப் பழகிவிட்ட நம் திருமண்டலங்கள் எத்தனையோ சீர்திருத்தங்களைப் பேசுகின்றன. சேகரக் கமிட்டியில் இருக்கிற வாசகர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்னது. அடுத்த மாதக் கணக்கை ஒரு தாளில் அச்சிட்டு, ஆலய வாசலில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள்.