வேர்ப்பூஞ்சையும் சாயநீரும்

குருண் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு வெள்ளை வேர் நோய் புதிதன்று. இலை பழுக்கும், பின்னர் ஒரு காற்றில் மரம் சாயும். வேரைப் புரட்டினால் வெண்ணூல் படர்ந்தாற்போல் பூஞ்சை ஒட்டிக் கிடக்கும். பட்ட மரத்தின் கட்டை மண்ணில் கிடக்கும்வரை பக்கத்து மரங்களுக்கும் அது பரவும். கந்தகம் இடுவதும் சுற்றிப் பள்ளம் வெட்டுவதும் தோட்டத்து வேலைகள். பால் தரும் மரம் குறைந்தால் வருவாய் குறையும். ஆதலின் அப்பூஞ்சையை நாங்கள் பகையாகவே எண்ணினோம்.

அவ்வினத்திற்கு வேறொரு பயன் உண்டெனப் பின்னாளில் படித்தபோது வியந்தேன். மரத்திற்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கும் நொதிகளாலேயே இவ்வினப் பூஞ்சைகள் பல, துணிச்சாயங்களையும் சிதைக்கின்றன. இரப்பர் மரத்தூளில் வளர்த்து நாம் உண்ணும் சிப்பிக் காளானும் இவற்றுள் ஒன்றே.

ஆயினும் கழிவுநீரில் கலந்த நுண்ணுயிரை மீண்டும் பிரிப்பது எளிதன்று, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். செக் நாட்டில் இவோ ஷபார்ஷீக், மிர்கா ஷபார்ஷிகோவா ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு இதற்கொரு வழி கண்டது. பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஈஸ்ட்டை, இரும்பு ஆக்சைடு நுண்துகள் கலந்த காந்த நீர்மத்தில் இட்டனர். துகள்கள் ஈஸ்ட்டின்மேல் ஒட்டின. 2005இல் வெளியான ஆய்வு இது. அந்த ஈஸ்ட் நீரிலுள்ள சாயத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். காந்தத்தை அருகில் வைத்தால் சாயத்தோடு ஒருபுறம் ஒதுங்கும். மணலிலிருந்து இரும்புத்தூளைப் பிரிக்கும் தொடக்கப்பள்ளிப் பாடந்தானே இது!

ஆனால், இங்கே சாயம் சிதைவதில்லை, இடம் மாறுகிறது. சாயமேறிய ஈஸ்ட்டை எங்கே கொட்டுவது? இதற்கு விடை கூறாத முறையை முழுமையானதென நான் ஏற்கமாட்டேன்.

கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் சிறிய பாத்தேக் பட்டறைகளுக்குப் பெரிய சுத்திகரிப்பு ஆலை கட்டும் வசதி ஏது? ஒரு தொட்டியும் காந்தமும் கொண்ட ஏற்பாடு அவர்களுக்கு ஓரளவு பொருந்தலாம்.

திருப்பூரின் கதை வேறு. பருத்திக்குச் சாயமேற்ற உப்பும் மிகுதியாக வேண்டும். நொய்யலாற்றில் பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கிற்று. அந்நீரைத் திறந்துவிட வேண்டாமென உழவர்களே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. காந்த ஈஸ்ட் அங்கே நிறத்தை எடுக்கக்கூடும். உப்பை எடுக்க வேறு ஆலைதான் வேண்டும். அதற்கான செலவையும் எவரேனும் ஏற்க வேண்டும்.