மாடக்குழிச் சாவி

சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டுக் கதவுக்கு, அப்பா திண்டுக்கல்லில் வாங்கிவந்த மாங்காய்ப் பூட்டு ஒன்று உண்டு. கையில் எடுத்தால் நல்ல கனம். ஆனால் அம்மா தோட்டத்துக்குக் கிளம்பும்போது அதைப் பூட்டிவிட்டு, சாவியைத் திண்ணை மாடக்குழியில் விளக்குக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். அது தெருவுக்கே தெரியும்.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேரன் படித்துக் காட்டினான். எனக்குப் பூட்டைவிட அந்த மாடக்குழிதான் ஞாபகம் வந்தது. அம்மா செய்ததையே நானும் ஆபீசில் செய்திருக்கிறேன்.

1999-ல் திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிக்ஸ் மெஷின், கணக்குகள் எல்லாம் ஆரக்கிளில். தினமும் ராத்திரி 10 மணிக்கு அன்றைய கணக்கை நகல் எடுக்க வேண்டும். நான் அதுவரை உட்கார்ந்திருந்தால் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். அதனால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். நாம் வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், மெஷின் தானே படித்துச் செய்துவிடும். அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். நடுவில் பாஸ்வேர்டு கேட்கும். ராத்திரியில் பதில் சொல்ல ஆள் ஏது? பாஸ்வேர்டையும் அதிலேயே எழுதிவிட்டேன்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலையில், அந்த பாஸ்வேர்டைப் போட்டு யாரோ உள்ளே போய்ச் சில பதிவுகளைத் திருத்தியிருப்பது தெரிந்தது. ராத்திரி டூட்டியில் இருந்த ஒப்பந்தப் பையன் மேல் சந்தேகம். இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"நான் தொடவே இல்ல சார். உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னிடம் கேட்டான். நான் பேசாமல் நின்றேன்.

அன்று சாயங்காலம் என் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். அந்த ஃபைலை எல்லோரும் படிக்கலாம் என்று அனுமதி இருந்தது. அது போதாதென்று, பாஸ்வேர்டைக் கட்டளையின் வாலிலேயே ஒட்டியிருந்தேன். யூனிக்ஸில் 'பி.எஸ்.' கட்டளை கொடுத்தால், அந்த நேரம் ஓடும் வேலைகள் முழு வரியோடு திரையில் வந்து நிற்கும். பத்து மணிக்கு அதை அடித்த யாருக்கும் பாஸ்வேர்டு கிடைத்திருக்கும். அந்த மெஷினுக்குள் நுழைய 14 பேருக்கு வழி இருந்தது.

மேலதிகாரியிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் இருந்த நேரம். சொன்னேன், மெமோ வந்தது, உயர்வு தள்ளிப்போனது. பையனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை. திருத்தியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பிறகு முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றினேன். புதியதைத் தனி ஃபைலில் வைத்து 'சிஎச்மாட் 600' கொடுத்தேன். அப்படிச் செய்தால் உரியவரைத் தவிர மற்றவர்கள் திறக்க முடியாது. ஸ்கிரிப்ட் அந்த ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளும், கட்டளை வரியில் தெரியாது. நகல் எடுப்பதற்கென்று தனி யூசரும் உண்டாக்கினேன். அதனால் கணக்கைப் படிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. இந்த ஒன்றை முதலிலேயே செய்திருந்தால் பையன் வேலை போயிருக்காது. ஆள் உட்கார்ந்து ஓட்டும் ஸ்கிரிப்டாக இருந்தால் பாஸ்வேர்டை எங்கும் எழுதவே வேண்டாம். 'ரீட் -எஸ்' என்று போட்டால், அடிப்பது திரையில் தெரியாமல் வாங்கிக்கொள்ளும் என்கிறான் பேரன்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022-ல் ஊபர் கம்பெனிக்குள் புகுந்தவன், ஒரு ஸ்கிரிப்டில் நிர்வாகியின் பாஸ்வேர்டு எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் மேலே போனதாகச் சொன்னான்.

என் வயதுக்காரர்களுக்கு ஸ்கிரிப்ட் எதற்கு என்பீர்கள். ஏ.டி.எம். கார்டு உறையில் நம்பரை எழுதி வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே கிழித்துவிடுங்கள். பணம் போனால் நாம் முதலில் யாரைச் சந்தேகப்படுவோம்? வீட்டுவேலைக்கு வரும் பெண்ணைத்தான்.