குளிருக்கு ஓடிப் போகலாமா?

அடுத்த வருஷத்தோட வேலைக்கு முழுக்கு. அதுக்கப்புறம் எங்க இருக்கிறதுங்கறதுதான் நம்ம வீட்டுல இப்போ ராத்திரி சாப்பாட்டு நேரப் பட்டிமன்றம். ஊருக்குத் திரும்பற ஐடியா இல்லை. சிங்கப்பூர்ல முப்பது வருஷமா வேர்த்து ஊத்தியாச்சு, மிச்ச காலத்தையாவது குளிர்ல கழிக்கணும்னு எனக்கு ஆசை. இடமும் பார்த்து வச்சிருக்கேன். மலேசியாவின் கேமரன் மலை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1998ல முதல் தடவை போனோம். தாப்பாவிலிருந்து மேல ஏறுற அந்த வளைவு ரோட்டுல தங்கமணிக்கு மூணு தடவை வாந்தி. மேல தானா ராத்தாவுல இறங்கினதும் சில்லுனு ஒரு காத்து. 1,400 மீட்டருக்கு மேல இருக்கிற ஊர். ராத்திரி 16, 17 டிகிரி. ஃபேன் இல்லாம தூங்கி எழுந்தப்பவே, ரிடையர் ஆனா இங்கதான்னு முடிவு பண்ணிட்டேன் :-)

தேயிலைத் தோட்டத்துல வேலை பார்க்க நம்ம ஜனங்க வந்து மூணு நாலு தலைமுறை ஆச்சு. அதனால தமிழ் பேச ஆள் இருக்கு, தோசை கிடைக்குது, பிரிஞ்சாங்ல முருகன் கோயில் இருக்கு. வேற என்ன வேணும்?

காசு வேணும். 2002ல ஆரம்பிச்ச 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டம் பல தடவை மாறி, 2024ல வெள்ளி, தங்கம், பிளாட்டினம்னு பிரிச்சாங்க. நமக்கு எட்டுறது வெள்ளிதான். அதுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதோட குறைஞ்சது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடு. விசா 5 வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். நம்ம நாலறை வீட்டை வித்தா கணக்கு சரியா வருது. ஆனா வித்துட்டா திரும்பி வர வீடு கிடையாது.

சரி, நேர்ல பார்த்துட்டு வருவோம்னு போன மார்ச்ல கிளம்பினோம். பிரிஞ்சாங்ல ஒரு வாரத்துக்கு சின்ன அபார்ட்மெண்ட். ஜன்னலைத் திறந்தா மூட்டம், மூடினா சுவர்ல பூஞ்சை வாடை. நான் அதெல்லாம் கண்டுக்கல. வீட்டு விலையை விசாரிச்சுக்கிட்டு ஜாலியா சுத்திக்கிட்டிருந்தேன்.

அஞ்சாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் தங்கமணிக்கு மூச்சிரைப்பு. அவளுக்கு சின்ன வயசிலேர்ந்தே வீசிங் உண்டு, பல வருஷமா அடங்கியிருந்தது. பம்ப் அடிச்சும் கேட்கல. தானா ராத்தா ஆஸ்பத்திரி நாலஞ்சு கிலோமீட்டர்தான். ஆனா ரோடு முழுக்க ஸ்ட்ராபெர்ரி பறிக்க வந்த கார்கள். நகரவே இல்லை. போய்ச் சேர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியும் என் கையைப் பிடிச்ச பிடியை அவ விடவே இல்லை.

நெபுலைசர் வச்சதும் சரியாயிடுச்சு. "இதுக்கு மேல போச்சுன்னா ஈப்போவுக்குத்தான் அனுப்பணும்"னு டாக்டர் சொன்னார். ஈப்போன்னா மலை இறங்கணும்.

வெளியே பெஞ்சுல ஒரு பெரியவர், பிரஷர் மாத்திரைக்காக வந்தவர். எந்த ஊருன்னு பேச்சு ஆரம்பிச்சது. ரிடையர் ஆகி இங்க வரலாம்னு இருக்கோம்னேன். "அப்படியா? நான் கீழ இறங்கப் போறேன்"னார். பொறந்ததே தோட்டத்து லயத்துலதானாம். வேலை முடிஞ்சது, வீட்டை ஒப்படைக்கணும். மேல வீடு வாங்க வசதி இல்லை. மகன் கிள்ளான்ல ஃபிளாட்ல இருக்கான். "அந்த சூட்டுல எப்படித் தூங்கப் போறேனோ தெரியல தம்பி. அக்கம்பக்கத்துல யாரையும் தெரியாது வேற."

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அவர் பொறந்த ஊரை விட்டு இறங்குறார், நான் அதே ஊருக்கு சீதோஷ்ணம் பார்த்து ஏறப் பார்க்கிறேன். அவர் கவலைப்பட்டது சூட்டுக்கு மட்டும் இல்லையே, அக்கம்பக்கத்துக்கும்தானே. என் லிஸ்ட்ல அக்கம்பக்கம்னு ஒரு வரியே இல்லை.

திரும்பி வர்றப்போ பஸ்ல தங்கமணி கேட்டா: "குளிர் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க மயங்கி விழுந்தா நான் யாரைக் கூப்பிடுவேன்? எனக்கு வண்டியும் ஓட்டத் தெரியாது." இங்கே எதிர் வீட்டு மலாய் அம்மாகிட்ட நம்ம வீட்டு சாவி ஒண்ணு இருக்கு. அது ஞாபகம் வந்துச்சு.

அதனால இப்போதைக்கு வீட்டை விக்கிற பேச்சு இல்லை. வர்ற நவம்பர்ல, நல்லா மழை கொட்டுற நேரமா பார்த்து, ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பார்க்கப் போறோம். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரம், தரைத்தளம், சுவர்ல ஈரம் இருக்கக்கூடாது. சரிவை வெட்டிக் கட்டினது, ஆத்தோரம் ரெண்டும் வேண்டாம். 2013 அக்டோபர்ல ரிங்லெட் அணையைத் திறந்தப்போ பெர்த்தாம் வேலியில வெள்ளம் வந்து ஆட்களே செத்துப் போனாங்க.

அந்த ஒரு மாசத்துல ஒரு தடவை மூச்சிரைச்சாலும் கேமரன் கனவு க்ளோஸ். பேச்சு மாற மாட்டேன்னு தங்கமணிகிட்ட சத்தியமே பண்ணியாச்சு. அவ பதிலுக்கு, கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு நெபுலைசர் மெஷின் வாங்கி வச்சிருக்கா.

அங்கே மழைக்காலத்துல இருந்து பார்த்தவங்க யாராவது இருந்தா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க மக்களே.