எலும்பு கேட்கும் எடை

விண்வெளியைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு வசதி நெடுங்காலமாக நிலவி வருகிறது. கப்பல் எத்திசையில் பறந்தாலும், பறவாது நின்றாலும், உள்ளே இருப்போர் கல்லூரித் தாழ்வாரத்தில் நடப்பது போலவே நடப்பர். கோப்பையில் ஊற்றிய தேநீர் கோப்பையிலேயே கிடக்கும். 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' கப்பலில் செயற்கை ஈர்ப்பு தரும் பொறி இருப்பதாகக் கொண்டு கதையை நகர்த்தியது. மிதக்கும் மனிதரை வாரந்தோறும் படமெடுப்பது எளிய செயலன்று. ஆகவே பார்ப்பவரும் அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டனர்.

அந்த வசதியை வேண்டாமென்று ஒதுக்கிய தொடர் 'தி எக்ஸ்பான்ஸ்'. டேனியல் ஆபிரகாம், டை ஃபிராங்க் என்னும் இருவர் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற ஒரே புனைபெயரில் எழுதிய நாவல்களை அடியொற்றியது. 2015 டிசம்பரில் தொடங்கி, 2018இல் ஒரு முறை கைவிடப்பட்டு, வேறொரு நிறுவனத்தால் மீட்கப்பட்டு, ஆறு பருவங்களுடன் 2022 ஜனவரியில் நிறைவடைந்தது. தமிழில் முதுகலை பயின்று, இலக்கணமும் இலக்கியமும் நடத்திப் பிழைக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். பொறியியல் பயிலும் மகன்தான் நம்மை இழுத்து உட்கார வைத்தான். சிறுகோள் பட்டையில் வாழும் உழைப்பாளிகள் பேசுவதற்கென நிக் ஃபார்மர் என்னும் மொழியியலாளர் ஒரு கலப்பு மொழியையே ஆக்கித் தந்திருக்கிறார் என்பது அவன் வைத்த தூண்டில். மொழிக்காகப் போன நாம் எடைக்காகத் தங்கினோம்.

இத்தொடரின் கப்பல்கள் கடலில் மிதக்கும் கப்பலைப் போன்றவை அல்ல. அடுக்குமாடிக் கட்டடத்தைப் போன்றவை. பொறி அடியில் இருக்கும். அதன்மேல் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். பொறி உந்தும்போது தரை மேல்நோக்கி வந்து காலை அழுத்துகிறது. அவ்வழுத்தமே எடை. மின்தூக்கி மேலேறத் தொடங்கும் கணத்தில் நம் உடல் சற்றே கனப்பதை உணர்கிறோமே, அதே உணர்வு மணிக்கணக்கில் நீள்கிறது என்று கொள்ளலாம். ஈர்ப்பினால் வரும் எடையையும் முடுக்கத்தினால் வரும் எடையையும் மூடிய அறைக்குள் இருப்பவன் பிரித்தறிய இயலாது என்னும் கருத்தை ஐன்ஸ்டீன் 1907இல் கண்டார். அக்கருத்தின் மேல் கட்டப்பட்ட கப்பல்கள் இவை. பாதி வழியில் பொறியை நிறுத்தி, கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் உந்தி வேகத்தைக் குறைப்பார்கள். அந்த இடைவெளியில் அனைவரும் மிதப்பார்கள். பல நாள் ஓயாது உந்தும் அத்தகைய பொறி இன்று நம்மிடம் இல்லை. அது முழுக் கற்பனை. அந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால், ஏனையவை பெரும்பாலும் நியூட்டன் வகுத்த வழியிலேயே செல்கின்றன.

கதையின் ஒரு பகுதி சீரிஸ் என்னும் குறுங்கோளில் நிகழ்கிறது. 1801 ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாசி கண்டறிந்த பொருள் அது. விட்டம் ஏறத்தாழ 940 கி.மீ. தொடர் தொடங்கிய அதே 2015இல், மார்ச் மாதம், 'டான்' விண்கலம் அதனைச் சென்றடைந்து சுற்றத் தொடங்கியது. புவியில் 60 கிலோ எடையுள்ளவர் அங்கு நின்றால் இரண்டு கிலோவுக்கும் குறைவாகவே உணர்வார். இதற்குக் கதையாசிரியர்கள் கண்ட வழி, குறுங்கோளையே பம்பரமாகச் சுழற்றிவிடுவது. சுழற்சியினால் உள்ளே வாழ்வோர் வெளிப்புறமாக அழுத்தப்படுவர். புவியின் எடையில் பத்தில் மூன்று பங்கு கிட்டும். தலை சீரிஸின் மையத்தை நோக்கியும், கால் வெளியை நோக்கியும் இருக்கும்.

இது இயலுமா என்று நாமும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். பத்தில் மூன்று பங்கு எடை வேண்டுமெனில் சீரிஸ் ஏறத்தாழ 42 நிமிடத்திற்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். உண்மையில் அது ஒரு சுற்றுக்கு ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமானது, சுற்று இரண்டேகால் மணிக்குக் கீழ் இறங்கினாலே, நடுக்கோட்டில் உள்ள கல்லும் மண்ணும் பனியும் சீரிஸின் சொந்த ஈர்ப்பை மீறிப் பறக்கத் தொடங்கிவிடும். எனவே கதையில் வரும் சீரிஸ் ஊர் சிதறாதிருக்க வாய்ப்பில்லை.

முதல் பருவத்தில் மில்லர் என்னும் துப்பறிவாளர் குவளையில் மது ஊற்றுகிறார். அது நேராக விழாமல் வளைந்து விழுகிறது. சுழலும் இடத்தில் விழும் பொருள் விலகிச் செல்லும் என்பது மெய். கொரியோலிஸ் விளைவு என்பது அதன் பெயர். அதையும் கணக்கிட்டோம். ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினால் சீரிஸில் விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும், கண்ணுக்குப் புலப்படாது. மகன், "அப்பா, ஏமாத்திட்டாங்க" என்றான். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. திசை சரியாக இருக்கிறது, அளவுதான் மிகை. தண்டியலங்காரம் இதனை அதிசய அணி என்னும். நாம் வகுப்பில் உயர்வு நவிற்சி என்று நடத்துகிறோம். இல்லாததைப் புனைவது வேறு, உள்ளதைக் கண்ணுக்குத் தெரியுமாறு பெருக்கிக் காட்டுவது வேறு.

முதல் அத்தியாயத்திலேயே மற்றொரு காட்சி உண்டு. சிறுகோள் பட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவனைப் புவிக்குக் கொண்டுவந்து விசாரிக்கிறார்கள். அவனை யாரும் அடிப்பதில்லை. நிமிர்த்தித் தொங்க விடுகிறார்கள், அவ்வளவே. புவியின் ஈர்ப்பே அவனுக்கு வதையாகிறது. 2019இல் வந்த நான்காம் பருவத்தில் நவோமி என்பவள் மருந்துகளை ஏற்றிக்கொண்டு ஒரு கோளின் மண்ணில் நடக்க முயன்று, தாங்க இயலாமல் கப்பலுக்கே திரும்புகிறாள். எடையின்றி வளர்ந்த எலும்புக்கு எடை பகையாகிவிடுகிறது.

குறை ஈர்ப்பில் பிறந்து வளர்ந்த மனிதர் இதுவரை எவருமில்லை. ஆயின் எடையின்றிச் சில மாதங்கள் வாழ்ந்தவர் பலர் உளர். எலும்பு ஒரு கல் தூண் அன்று. ஒருபுறம் கரைந்தும் மறுபுறம் கட்டப்பட்டும் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் உயிர்ப்பொருள். எந்த எலும்பின் மேல் பளு விழுகிறதோ அது வலுக்கிறது. பளு நீங்கினால் கரைதல் மிகுந்து கட்டுதல் குறைகிறது. விண்வெளியில் இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகள் மாதந்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கின்றன. கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் சேர்வதால் சிறுநீரகக் கல் உண்டாகும் அபாயமும் எழுகிறது. இதனைத் தடுக்கவே பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேர அளவுக்கு உடற்பயிற்சி. அங்கே இரும்புக் குண்டைத் தூக்கிப் பயனில்லை, அதற்கும் எடையில்லை. ஆகவே வெற்றிட உருளைகளால் எதிர்விசை தரும் கருவி ஒன்றை 2008இல் கொண்டுபோய் வைத்தார்கள்.

இவற்றையெல்லாம் நாம் வெறும் ஆர்வத்தினால் படித்து வந்தோம். 2025 ஏப்ரலில் நம் தாயார் சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். வயது 74. தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அறுவை சிகிச்சை நலமாகவே முடிந்தது. மறுநாளே எழுந்து நிற்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா மறுத்துவிட்டார். வலியைக் காட்டிலும் அச்சமே மிகுதி. பார்க்க வந்த உறவினரும், "வயசான காலத்துல ஏன்ப்பா இப்படி வதைக்கிறே, படுத்திருக்கட்டுமே" என்றனர். அன்பினால் சொன்ன சொற்கள்தாம்.

அந்நேரம் நம் நினைவுக்கு வந்தது ஓர் ஆய்வு முறை. விண்பயணத்தின் விளைவுகளைப் புவியிலேயே அறிவதற்காக, நலமுள்ள இளைஞர்களைத் தலைப்புறம் ஆறு பாகை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 60 நாள் வரை அவ்வாறு கிடந்தவர்கள் உண்டு. எலும்பும் தசையும் இளைப்பதைக் காண்பதற்கு விண்கலம் வேண்டியதில்லை, கட்டிலே போதும் என்பதே அதன் பொருள். இளைஞர் நிலை அதுவானால், ஏற்கெனவே எலும்பு தேய்ந்த மூதாட்டியின் நிலை என்னவாகும்? நாம் உறவினரிடம் பணிவாகவும் உறுதியாகவும் "இல்லை" என்றோம்.

அம்மாவிடம் ஆய்வைச் சொல்லிப் பயனில்லை. சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் விண்வெளியில் இருந்து முந்தைய மாதம் திரும்பியதை அவர் தொலைக்காட்சியில் கண்டிருந்தார். கலத்திலிருந்து தாங்கிப் பிடித்து வெளியே கொணர்ந்ததையும் கண்டிருந்தார். அதை எடுத்துச் சொன்னோம். எடையில்லாமல் இருந்ததால் கால் எலும்பு இளைக்கும், நிற்க நிற்கத்தான் திரும்பும் என்றோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அந்தப் பொண்ணு இப்ப நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறாள் என்றோம். "அவளுக்கே புடிச்சுக்க நாலு பேர் வேண்டியிருந்துச்சு. என்னை நீ ஒருத்தன் புடிச்சாப் போதுமா?" என்றார். அன்று மாலை இயன்முறை மருத்துவரும் நாமுமாக இருபுறமும் தாங்க, அரை நிமிடம் நின்றார். நவோமியின் முகத்தில் கண்ட அதே நடுக்கம் அவர் முகத்திலும் இருந்தது.

இன்று அம்மா வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை நடக்கிறார். மாடிப்படி ஏறுவதில்லை, கோயிலுக்குத் தனியே போவதுமில்லை. நடக்க வைத்தவர் நாள்தோறும் வந்த இயன்முறை மருத்துவர்தாம். தொலைக்காட்சித் தொடர் அன்று. ஆனால் எல்லோரும் "படுக்கட்டும்" என்றபோது "எழட்டும்" என்று சொல்வதற்கு ஒரு தெளிவு தேவைப்பட்டது. அது நமக்கு வந்த வழி சீரிஸ் வழியாகத்தான்.

அறிவியல் புனைவு எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் என்று சிலர் எதிர்பார்க்கின்றனர். எலும்பும் தரையும் எடையும் நாம் பிறந்த நாள்முதல் உடன் இருப்பவை. இருப்பதாலேயே எண்ணிப் பாராதவை. அவற்றை ஒரு கதை நீக்கிக் காட்டும்போது அவற்றின் வேலை புலனாகிறது.

தொடரைப் பார்க்க விழையும் நண்பர்களுக்கு ஒரு சொல். முதல் நான்கு அத்தியாயங்கள் குழப்பும். பெயர்கள் மிகுதி, பொறுமை வேண்டும். வன்முறையும் உண்டு, ஆதலால் சிறுவர்க்கு உரியதன்று. வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பின் தாளும் பேனாவும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் எழும் இடத்தில் நிறுத்திக் கணக்கிட்டுப் பாருங்கள். சுழலும் சீரிஸ் சிதறுவதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.