ஆழம் போனால் உப்பு

தனுஷ்கோடியில் ஊற்று தோண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல், நடுவில் நாக்கு நீட்டியது போல மணல். அதில் கையாலேயே குழி பறித்தால் மூன்று நாலு அடியில் நல்ல தண்ணீர் கசியும். மணலில் இறங்கிய மழைநீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய பாளமாக மிதந்து நிற்கிறது. "போதும்டா, இன்னும் போனா உப்பு" என்று என் கையைப் பிடித்து நிறுத்துவார் அம்மா. 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு அந்த மணலில் வளர்ந்தவர். ஊர் போய்விட்டது, ரயில் போய்விட்டது. எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது.

அதே பாடத்தை இன்னொரு தடவை சென்னையில் படித்தேன், எஞ்சினை மேலே மூடும் ஒரு ஹெட்டை நாசம் பண்ணி.

1986-இல் வேலை தேடிப் போனவன் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். அப்போது பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும். கோயம்புத்தூர் பந்தய வீரர் கரிவர்தன் ஓட்டிய களம் அது. எங்கள் பட்டறைக்கு ஃபியட்டும் வரும், புதிதாக வந்திருந்த மாருதி 800-ம் வரும். ஃபியட்டில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். நீளக் கம்பிகள்தான் தள்ளுதலை மேலே கொண்டுபோகும். மாருதியில் ஹெட்டிலேயே இருக்கும். பட்டறை மேஸ்திரிக்கு மாருதி ஹெட்டின் மேல் தனிப் பிரியம். "இது சொன்னா கேக்கும்" என்பார்.

எஞ்சினுக்கு மூச்சு வால்வு வழியாக. கேமின் மூக்கு எவ்வளவு தூரம் தள்ளுகிறதோ அதற்குத் தக்கபடிதான் வால்வு திறக்கும். பந்தயத்துக்கு மூக்கை உயர்த்த வேண்டும். அதற்கு இரண்டு வழி: வெல்டு வைத்து ஏற்றித் தீட்டலாம், இல்லையென்றால் மூக்கை விட்டுவிட்டு அடிவட்டத்தைத் தேய்த்துச் சிறிதாக்கலாம். இரண்டாவது மலிவு. நாங்கள் செய்ததும் பெரும்பாலும் அதுதான்.

கேம் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவன் எஞ்சின் கட்டக் கூடாது. ஹெட் பழைய அளவுக்கு வார்த்தது. வால்வு ஒன்றரை மில்லி கூடுதலாக இறங்கினால் மூன்று இடத்தில் இடிக்கும். ஸ்பிரிங் முழுசாகச் சுருண்டு கம்பியோடு கம்பி ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் மேல் மூடி, வால்வு கைடின் தலையில் போய் முட்டும். மூன்றாவது, வால்வே பிஸ்டனை முத்தமிடும். அந்த முத்தத்துக்குப் பிறகு எஞ்சினைச் சாக்கில்தான் அள்ள வேண்டும்.

மூன்றாவதைச் சோதிக்கத்தான் களிமண். குழந்தைகள் விளையாடும் அதே வண்ணக் களிமண். பிஸ்டன் தலையில் அப்பி, எண்ணெய் தொட்டுத் தடவி, ஹெட்டை வைத்து முறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று. கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. பிறகு ஹெட்டை இறக்கி, வால்வு பதிந்த பள்ளத்தை பிளேடால் குறுக்கே அரிந்து, மிச்சம் எவ்வளவு கனம் என்று அளப்போம். இரண்டு மில்லிக்குக் குறைந்தால் பிஸ்டனில் குழி வெட்ட வேண்டும். மேஸ்திரி அளப்பதற்கு முன்பே விரலால் தடவிப் பார்த்து ஒரு எண் சொல்வார். பத்தில் எட்டு தடவை சரியாக இருக்கும். மிச்ச இரண்டு தடவை கேஜ் மேல் பழி போடுவார்.

முதல் இரண்டுக்கும் ஹெட்டிலேயே வெட்டு. கைடின் தலையைச் சீவிக் குட்டையாக்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் பள்ளத்தை ஆழமாக்க வேண்டும். கைடு ஓட்டைக்குள் கம்பி இறக்கி, அதை அச்சாக வைத்து, டிரில்லிங் மிஷினில் கட்டரை மெதுவாக விடுவோம். அலுமினியம் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வரும். ஆபத்து அந்தச் சுகத்தில்தான் இருக்கிறது. பள்ளத்துக்கு அடியிலேயே எஞ்சின் தண்ணீர் ஓடும் வாய்க்கால். நடுவில் சில மில்லி உலோகம்தான்.

ஒரு நாள் இரண்டாவது சிலிண்டரில் அரை மில்லி கூடுதலாக விட்டேன். கட்டரின் சத்தம் ஒரு கணம் மாறியது. காதில் விழுந்தும் கை நிற்கவில்லை. தண்ணீர் விட்டு அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டையில் முத்து முத்தாகக் கசிவு.

மேஸ்திரி திட்டவில்லை. ஹேக்சா பிளேடை என் கையில் கொடுத்து, "இதைக் குறுக்கே அறு தம்பி" என்றார். அந்தச் சாயங்காலம் முழுக்க அறுத்தேன். இரண்டாகப் பிளந்தபோது உள்ளே வாய்க்கால்கள் வளைந்து வளைந்து ஓடியது தெரிந்தது. ஒரு பக்கம் சுவர் தடிமன், என் பக்கம் காகிதம். "தண்ணி எங்க இருக்குன்னு பாத்துக்க. இனிமே கட்டரு உன் கையில." மறுநாள் புதுப்பேட்டையில் வேறு ஹெட் வாங்கிவந்தார். சம்பளத்தில் பிடிக்கவில்லை. அறுத்த பாதி ஜன்னல் ஓரத்தில் ஏறியது. பின்னால் சேர்ந்த பையன்கள் எல்லாரும் கட்டரைத் தொடுமுன் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பந்தயப் பாதை திறந்தது. அடுத்த வருடம் அப்பாவுக்கு முடியாமல் போக, நான் ராமேஸ்வரம் திரும்பினேன். இங்கே எஞ்சினுக்கு வேறு வேலை. அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும்; அதற்கு அப்பால் தனுஷ்கோடிக்கு வேனும் ஃபோர் வீல் ஜீப்பும் மணலிலும் கடல் ஓரத்திலும் நீந்திப் போகும். உயர்ந்த கேம் போட்ட எஞ்சின் நின்ற இடத்தில் தடுமாறும். ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால்தான் அதற்கு உயிர் வரும். மணலுக்கு வேண்டியது எருமை இழுவை. நான் படித்த வித்தையில் பாதி இங்கே செல்லாக் காசு. எஞ்சின் கொதித்து வளைந்த ஹெட்டுகளைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துப் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சீவி வாங்கி வருவேன். அவ்வளவுதான் மிச்சம்.

2017 ஜூலையில் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. பிரசவ வலியில் துடித்த பெண்ணை மணலில் வேனில் கொண்டுவந்ததைப் பார்த்தவன் நான். சாலையைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது வருகிற கார்களில் யாரும் எஞ்சின் சத்தத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை. போன மாசிக்குத் தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துப் பக்கம் போயிருந்தேன். சுவர் பிளந்து உள்ளே பவளப்பாறைக் கற்கள் தெரிகின்றன. கையை வைத்ததும் ஜன்னல் ஓரத்துப் பாதி ஹெட் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு வேகத்தின் மேல் ஏக்கம் இல்லை. சோழவரத்தில் நான் வண்டி ஓட்டியதே இல்லை. விடிகாலையில் புதுக் கேமோடு முதல் தடவை பற்றி, மூச்சுத் திணறித் திணறி நிற்கும் எஞ்சினும், அதைக் கேட்டு மேஸ்திரி பீடியை அணைப்பதும்தான் வேண்டும்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மேஸ்திரியும் இல்லை. சென்னையில் பழைய இரும்பு வாங்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம்: குறுக்கே ஹேக்சாவில் அறுத்த மாருதி 800 ஹெட் பாதி, இரண்டாவது சிலிண்டர் பள்ளத்தில் ஊசி ஓட்டையோடு கிடைத்தால் உருக்கப் போட்டுவிடாதீர்கள். கிலோவுக்கு நீங்கள் கேட்கும் விலையைத் தருகிறேன்.